குழுத்தலைவியின் கையெழுத்து

வீரைமோட்டை,
06.08.2024

கலிஸ்ரா அக்காவுக்கு,

‘அன்புள்ள’ என்று தொடங்கிப் பார்த்தேன். இரண்டு தாள் வீணானதுதான் மிச்சம். அதனால் இப்படியே எழுதுகிறேன்.

ஆறு வருடத்துக்குப் பிறகு எழுதும் கடிதம் இது. சுகம் விசாரிக்க எழுதவில்லை. ஒரு கேள்வி கேட்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு முதல் நான் இப்போது என்ன செய்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். வீரைமோட்டை நகர சபையில் திட்டமிடல் உத்தியோகத்தராக இருக்கிறேன். நாங்கள் இரண்டு பேரும் அந்தத் தொண்டு நிறுவனத்தில் வேலை செய்த காலத்தில் ஒரு சந்தியும் நாலு கடையுமாக இருந்த இடம், இப்போது நகரம். அடுத்த இருபது வருடத்துக்கு அதற்கு ஒரு திட்டம் வேண்டுமாம். எங்கே சந்தை, எங்கே வீதி, சனம் எங்கே குடியிருப்பது, மழைத்தண்ணீர் எந்த வழியால் ஓடுவது என்பதையெல்லாம் வரைந்து தருவதற்கு ஆலோசகர்களைத் தெரிவு செய்து கொண்டிருக்கிறோம்.

நாலு நிறுவனங்கள் முன்மொழிவு தந்திருக்கின்றன. மதிப்பிடுவதற்கு ஐந்து பேர் கொண்ட குழு. தலைவர் கதிர்காமநாதன் ஐயா, ஓய்வுபெற்ற பொறியியலாளர். நானும் அதில் ஓர் உறுப்பினர். முதலில் தரத்துக்குப் புள்ளி போட வேண்டும். எழுபதுக்குக் குறைவாக எடுத்த நிறுவனத்தின் விலை உறையைத் திறக்காமலே திருப்பி அனுப்பிவிடுவோம்.

விரிதிசை என்கிற கொழும்பு நிறுவனத்தின் முன்மொழிவில் குழுத்தலைவி என்று உங்கள் பெயர் இருக்கிறது. பதினெட்டு மாதம் வீரைமோட்டையிலேயே தங்கி வேலை செய்வீர்கள் என்று ஓர் உறுதிமொழி. அதன் கீழே ஒரு கையெழுத்து. குழுத்தலைவிக்கு மட்டும் இருபது புள்ளி.

அந்தக் கையெழுத்து உங்களுடையதா? நீங்கள் இங்கே வரப்போகிறீர்களா?

மதிப்பீடு முடியும்வரை போட்டியிடும் நிறுவனத்தின் ஆட்களோடு குழு உறுப்பினர் எந்தத் தொடர்பும் வைக்கக் கூடாது. தெரிந்தும்தான் எழுதுகிறேன். முறைப்படி செயலாளர் மூலம் நிறுவனத்திடம் கேட்டோம். உறுதிப்படுத்துகிறோம் என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அது எனக்குப் போதவில்லை. உங்கள் சுயவிபரக்கோவையில் இருக்கிற தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் விரிதிசையினுடையவை. வத்தளை வீட்டு முகவரி ஒன்றுதான் உங்களுடையது.

இந்தக் கடிதத்தை நீங்கள் அவர்களிடம் காட்டினால் என் வேலை போகும். காட்டுவதும் விடுவதும் உங்கள் மனம்.

ராஜினி மூக்கன்

*

வத்தளை,
14.08.2024

அன்புள்ள ராஜினி,

எனக்கு ‘அன்புள்ள’ என்று எழுதுவதில் தடை இல்லை. நீர் அதை வாசிக்காமல் தாண்டிப் போகலாம்.

பதிவுத் தபாலைக் கையெழுத்துப் போட்டு வாங்கியது அம்மா. உறையின் மேல் இருந்த எழுத்தைப் பார்த்துவிட்டு, ‘இது அந்த மலைநாட்டுப் பிள்ளையின்ர எழுத்தெல்லோ?’ என்றா. முல்லைத்தீவில் எங்கள் வீட்டுக் குசினியில் இருந்து நீர் கணவாய்க் கறி சாப்பிட்டதெல்லாம் அவவுக்கு இன்னும் நினைவிருக்கிறது. உமக்கும் எனக்கும் கதை இல்லை என்பதை நான் அவவுக்குச் சொல்லவேயில்லை.

உமது கடிதத்தை ஒருவருக்கும் காட்டமாட்டேன். நான் அப்படிப்பட்ட ஆள் என்று நீர் நினைத்திருக்கிறீர் என்பதுதான் நோகிறது. உமது அப்பாவின் செத்தவீட்டுக்கு நான் மலர்வளையத்தோடு வந்தபோது, குளத்து அலைகரைக்கு இறங்கும் பாதை வாசல் படலையில் வைத்து நீர் என்ன சொன்னீர் என்று நினைவிருக்கிறதா? ‘நீங்கள் கையெழுத்து வைச்ச இடத்திலதான் அப்பா கிடக்கிறார். பாத்திட்டுப் போங்கோ.’ முப்பது நாற்பது சனத்துக்கு முன்னால். நான் பார்க்கவில்லை. திரும்பி நடந்தேன். மலர்வளையத்தை என்ன செய்வது என்று தெரியாமல் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே கொழும்புக்கு வந்தேன்.

சரி, உமது கேள்விக்கு வருகிறேன். கையெழுத்து என்னுடையதுதான்.

இந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்று உமக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. ஆலோசனை நிறுவனங்கள் நிபுணர்களின் சுயவிபரக்கோவைகளைச் சேர்த்து வைத்திருப்பார்கள். டெண்டருக்குக் கேள்வி கோரல் வந்ததும் பொருத்தமானதை எடுத்துப் போடுவார்கள். பத்துக்குப் போட்டால் ஒன்று கிடைக்கும். கிடைத்தபிறகு யார் போவது, எத்தனை நாள் போவது என்பதெல்லாம் பிறகு பேசிக்கொள்வது. எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள். விரிதிசை மட்டும் கெட்ட நிறுவனம் இல்லை. அதன் பணிப்பாளர் ஜனார்த்தனன் எனக்குப் பல வருடப் பழக்கம்.

அவர்களுடைய முன்மொழிவில் வரைபடம் ஏதும் இருக்கிறதா? அலைகரைப் பக்கத்துக்கு என்ன போட்டிருக்கிறார்கள்?

கலிஸ்ரா

*

வீரைமோட்டை,
20.08.2024

கலிஸ்ரா அக்கா,

நான் கேட்டது இரண்டு கேள்வி. நீங்கள் ஒன்றுக்குத்தான் பதில் எழுதியிருக்கிறீர்கள். மற்றதற்கான பதில் உங்கள் கடைசி வரியில் இருக்கிறது. முன்மொழிவில் என்ன வரைபடம் இருக்கிறது என்று அதன் குழுத்தலைவி என்னிடம் கேட்கிறா.

நேற்றுக் குழு கூடியது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன். இதுவும் தடைதான். முதல் கடிதம் போட்டவளுக்கு இரண்டாவது பெரிய பாரமில்லை.

உங்களுக்கு மற்ற நாலு பேரும் பதினேழு, பதினெட்டு என்று போட்டிருந்தார்கள். நான் போட்டது நாலு. இவ்வளவு வித்தியாசம் வந்தால் காரணம் எழுத வேண்டும்.

‘ராஜினி, இந்த அம்மாவோட உமக்கு ஏதும் கோவமோ?’ என்று பொறியியலாளர் மதுசன் சிரித்துக்கொண்டு கேட்டார்.

‘பதினேழு வருச அனுபவம்’ என்றார் கதிர்காமநாதன் ஐயா. ‘இந்த மண்ணிலயே வேலை செய்தவா. இதைவிட ஆரைப் போய்த் தேடுறது?’

‘அவா வருவாவோ எண்டதுதான் ஐயா கேள்வி.’

‘நிறுவனம் எழுதித் தந்திட்டுது. பிறகென்ன?’

எனக்குத் தெரியும் என்று சொல்ல முடியவில்லை. எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும். பேசாமல் வரைபடத்தை எடுத்து மேசையில் விரித்தேன்.

அக்கா, அலைகரை முழுக்கப் பச்சை. ‘நீரேந்து பூங்கா’ என்று பெயர். நடைபாதை, இருக்கைகள், பறவை பார்ப்பதற்கு ஒரு கோபுரம். குளம் நிரம்பும்போது தண்ணீர் ஏறிவரும் விளிம்பில் நூற்றுப் பன்னிரண்டு குடும்பம் இருக்கிறது. என் அம்மா சிவலட்சுமி இருக்கிறா. நான் இருக்கிறேன். வரைபடத்தில் ஒரு கூரை கூட இல்லை.

‘இதில நூற்றுப் பன்னிரண்டு வீடு இருக்கு ஐயா’ என்றேன்.

‘அது தற்காலிகச் சனமெல்லோ’ என்றார் மதுசன். ‘இஞ்ச கீழ போட்டும் இருக்கினம்.’

என் வீடு அலைகரையில்தான் என்று முதல் நாளே குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மதுசனுக்கு அது மறந்துபோய்விட்டது. ஐயாவுக்கு மறக்கவில்லை. என்னைப் பார்த்தார், பிறகு தாளைப் புரட்டுவதுபோல் குனிந்துகொண்டார்.

பூங்கா பிழை என்று நான் சொல்லவில்லை. அந்த இடத்தில் மனிதர் இருக்கக் கூடாது. அது எங்களைவிட வேறு யாருக்குத் தெரியும்? ஆனால் அங்கிருந்து எங்கே போவது என்பதற்கு அந்த வரைபடத்தில் ஒரு கோடு கூட இல்லை. எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டிலிருந்து அடிபட்டு வந்து, காடு வெட்டி, சண்டை வரும்வரை நாங்கள் இருந்த வீதியோரக் காணி இருக்கிறதே, அது சிவப்பு. வணிக வலயமாம். இருபது வருடத்துக்கு இதுதான் என்று முடிவாகிவிட்டால் அதற்குப் பிறகு எங்களுக்கு ஊர் இல்லை.

செப்டெம்பர் பத்தாம் திகதி அறிக்கையில் கையெழுத்து வைக்க வேண்டும். உங்களுக்கான இருபதும் இல்லாவிட்டால் விரிதிசை எழுபதைத் தொடாது. நீங்கள் வரப்போவதில்லை என்றால் அதைக் குழுவுக்கு எழுதுங்கள். எனக்கு எழுத வேண்டாம்.

ராஜினி

*

வத்தளை,
30.08.2024

ராஜினி,

இந்தக் கடிதத்தை நாலு நாளாக எழுதுகிறேன். குறுக்கே வெட்டாமல் கடைசிவரை வாசியும்.

உமது கடிதம் வந்த அடுத்த நாள் விரிதிசைக்குப் போனேன். முன்மொழிவைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். ஜனார்த்தனன் சிரித்தார். ‘என்ன மிஸ், திடீரெண்டு? ஒருநாளும் கேட்டதில்லையே.’ என்றாலும் எடுத்துத் தந்தார். உறுதிமொழியில் இருந்தது என் கையெழுத்துத்தான். மூன்று வருடத்துக்கு முன் நாலைந்து வெற்றுப் படிவங்களில் வைத்துக் கொடுத்தது. திகதியும் ஊரும் பிறகு அவர்கள் நிரப்பியவை. நான் குழுத்தலைவி என்பது உமது கடிதத்தில்தான் எனக்குத் தெரியவந்தது.

பிறகு வரைபடத்தைப் பார்த்தேன். நீர் அதன் வலது மூலையைக் கவனிக்கவில்லைப் போல. மிகச் சின்ன எழுத்தில் ஆதாரம் என்று ஒன்று போட்டிருக்கிறார்கள். ‘மீள்குடியமர்வு வரைபடம், 2012.’ அது நான் வரைந்தது, ராஜினி. அந்தச் சனத்தைத் தற்காலிகச் சனம் என்று முதலில் எழுதியது விரிதிசை இல்லை. நான்.

உமக்கு நான் ஒருநாளும் சொல்லாததைச் சொல்லுகிறேன். 2012 மார்கழி. போர் முடிந்து முகாமிலிருந்து வந்த நூற்றுப் பன்னிரண்டு குடும்பமும் பாடசாலைக் கட்டடத்தில் தங்கியிருந்தது. வீதியோரக் காணிக்கு அவர்களிடம் ஒரு பத்திரமும் இல்லை. அதை வேறு ஆட்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். உதவி தந்த வெளிநாட்டுக்காரருக்கு வருடம் முடிய முதல் எல்லோரும் குடியமர்ந்தார்கள் என்று அறிக்கை போக வேண்டும். அலைகரை மட்டும்தான் ஒருவரும் கேட்காத நிலம். நிரந்தரக் குடியிருப்பு என்று எழுதினால் காணி அனுமதிப்பத்திரம் கேட்பார்கள், இழுபடும். தற்காலிகம் என்று எழுதினால் ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். அப்படி எழுதினேன். ‘நீர் தேங்காத இடம்’ என்று ஒரு பத்திரமும் வேண்டியிருந்தது. அதற்கும் கையெழுத்து வைத்தேன்.

நான் அந்த இடத்துக்குப் போகவில்லை, ராஜினி. ஒருநாள் கூட. நீர் வந்து, ‘அக்கா, அங்க மண் சேறு மணக்குது, நாணல் நிக்குது, அது தண்ணி வாற இடம்’ என்று சொன்னீர். நான் மேசையில் இருந்தபடியே, ‘வெயில் காலத்தில சரியாயிடும்’ என்றேன். படலையில் நீர் சொன்னதற்கு ஆறு வருடமாக உம்மோடு கோபித்துக்கொண்டிருந்தேன். நீர் சொன்னது பிழையாக இருந்திருந்தால் அந்தக் கோபம் ஆறு மாதத்தில் போயிருக்கும்.

இனிச் சொல்வதுதான் அவசரம்.

நான் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க, ஜனார்த்தனன் கேட்டார்: ‘வீரைமோட்டையில இருந்து ஆரும் கதைச்சவையோ?’ நான் இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்த மௌனத்திலேயே அவர் பிடித்துவிட்டார். குழுவில் இருக்கிறவர்களில் என்னோடு முன்பு வேலை செய்தவர் நீர் ஒருவர்தான். அது அவருக்குத் தெரியும். ‘நீங்கள் விலகினா எனக்குப் பிரச்சினை இல்லை மிஸ். ஆனா அந்தப் பிள்ளைக்குப் பிரச்சினை. குழு உறுப்பினர் போட்டியாளரோட கள்ளமாத் தொடர்பு வைச்சவா எண்டு முறைப்பாடு போகும்.’ குரல் உயரவில்லை. தேநீர் கொண்டுவரச் சொல்லிவிட்டுத்தான் இதைச் சொன்னார்.

ஆகவே நான் எழுதினால் உமது வேலை. எழுதாவிட்டால் அலைகரை. நான் பேசாமல் இருந்தால் உமக்கு ஒன்றும் நடக்காது. அம்மாவை வைத்துப் பார்க்கிறவர் நீர். உமது சம்பளத்தில்தான் அந்த வீடு ஓடுகிறது. நீர் சொல்லும், அப்படியே செய்கிறேன்.

கலிஸ்ரா

*

வீரைமோட்டை,
04.09.2024

கலிஸ்ரா அக்கா,

நீர் சொல்லும் என்று எழுதியிருந்தீர்கள். 2012 இலும் நான் சொன்னேன். இந்த முறை உங்களுக்குச் சொல்லவில்லை. நேற்றுக் காலையில் கதிர்காமநாதன் ஐயாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

நான் உங்களுக்கு எழுதிய இரண்டு கடிதத்திலும் என்ன எழுதினேன் என்று சொன்னேன். நீங்கள் எழுதியதில், வெருட்டுகிறார்கள் என்பதைத் தவிர, ஒரு சொல்லும் சொல்லவில்லை. அது உங்களுடையது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கேட்டார், ‘பிள்ளை, நீர் சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சிருக்காது. ஏன் வந்து சொல்லுறீர்?’

‘எனக்குப் பயமாக் கிடக்கு ஐயா. இதை வைச்சு இன்னொராளை வெருட்டுகினம்.’

‘நீர் செய்தது பிழை.’

‘ஓம் ஐயா.’

‘நீர் கேட்ட கேள்வி சரி. அதை நான் கேட்டிருக்கோணும். ஆனா சரியான கேள்விக்காகப் பிழையை விடேலாது. விட்டா நாளைக்கு ஆரும் ஆரோடையும் கதைக்கலாம். உம்மளவு நல்ல காரணம் எல்லாருக்கும் இருக்காது.’

குழுவிலிருந்து என்னை நீக்கியாகிவிட்டது. நான் போட்ட புள்ளிகளும் செல்லாது. செயலாளர் விளக்கம் கேட்டுக் கடிதம் தந்திருக்கிறார், பதினாலு நாள் தவணை. மதுசன் வந்து மேசைக்குப் பக்கத்தில் நின்றார். குழுவின் கோப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அம்மாவிடம் பின்னேரம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தா. ‘வேல போயிருமா புள்ள?’ என்று கேட்டா. தெரியாது என்றேன். ‘யாருக்கு எழுதின?’ பெயரைச் சொன்னேன். சுளகைக் கீழே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனவதான். விளக்கு வைக்கிற நேரம்வரை வெளியே வரவில்லை.

இனி உங்களை வெருட்டுவதற்கு என் பெயர் ஒருவருக்கும் உதவாது. நான் இருந்தால் நாலு பேருக்கு எதிராக ஒரு குரலாவது இருந்திருக்கும். இப்போது அதுவும் இல்லை. பத்தாம் திகதி அந்த நாலு பேரும் கையெழுத்து வைப்பார்கள்.

எழுதச் சொல்லி நான் உங்களைக் கேட்கவில்லை. கேட்டு நீங்கள் எழுதினால் அது என் கடிதமாகிவிடும்.

ராஜினி

*

வவுனியா பஸ் நிலையம்,
09.09.2024

ராஜினி,

கொழும்பு பஸ் வெளிக்கிட இன்னும் முக்கால் மணித்தியாலம் இருக்கிறது. தபால் பெட்டி எதிரே தெரிகிறது. மடியில் வைத்து எழுதுவதால் எழுத்துக் கோணல், பொறுத்துக்கொள்ளும்.

காலையில் வீரைமோட்டைக்கு வந்தேன். என் கடிதத்தைக் கதிர்காமநாதன் அவர்களின் கையிலேயே கொடுத்தேன். எனக்கு முன்னாலேயே வாசித்தார். நான் அதில் எழுதியது மூன்று விஷயம். விரிதிசையின் குழுத்தலைவியாக வர நான் சம்மதிக்கவில்லை, அது வெற்றுப் படிவத்தில் வைத்த கையெழுத்து. அவர்களின் வரைபடத்துக்கு ஆதாரமான 2012 வரைபடத்தில் ‘தற்காலிகம்’ என்று நான் எழுதியது உண்மை இல்லை. ‘நீர் தேங்காத இடம்’ என்று நான் கொடுத்த பத்திரமும், இடத்தைப் பார்க்காமல் கொடுத்தது.

‘முதலாவது ஒண்டே காணுமே’ என்றார் அவர். ‘மற்ற ரெண்டும் உங்களையெல்லோ அழிக்கும்.’

‘முதலாவதை மட்டும் தந்தா அவையள் இன்னொராளின்ர பேரைப் போட்டு அதே படத்தோட வருவினம் ஐயா.’

அவர் என் கடிதத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் பெற்றுக்கொண்ட திகதியை எழுதிச் சின்னக் கையெழுத்து வைத்தார். மூன்று பக்கத்துக்கும் அவர் வைத்து முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு அலைகரைக்கு நடந்தேன். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு, முதல் தடவையாக. நல்ல வெயில், மண் வெடித்துக் கிடந்தது. தண்ணீர் வருகிற இடம் என்று சொன்னால் நம்ப முடியாது. நானும் இப்படி ஒரு நாளில் வந்து பார்த்திருந்தால் மனச்சுத்தியோடேயே கையெழுத்து வைத்திருப்பேன் போல. அந்த எண்ணம் வந்ததும் இன்னும் பயமாக இருந்தது.

முகப்பில் திலீபன் என்பவரின் கடை. உமக்குத் தெரிந்திருக்கும். சுவரில் என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு மண்ணிறக் கோடு. என்னவென்று கேட்டேன். ‘பதினெட்டாம் வருச வெள்ளங்க. எத்தன தடவ சுண்ணாம்பு அடிச்சாலும் கோடு மேல வந்துருது’ என்றார். எந்த ஊர், யார் என்று விசாரித்தார். பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ‘இந்த இடத்துக்குக் கையெழுத்து வைச்ச ஆள் நான்தான்’ என்றேன்.

ஏசுவார் என்று காத்திருந்தேன். கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு, ‘பிளேன்ரீ குடிக்கிறீங்களா?’ என்றார். குடித்து முடித்ததும், ‘வாங்க, பின்பக்கச் சுவரையும் பாத்துட்டுப் போங்க’ என்று கூட்டிக்கொண்டு போனார். அந்தச் சுவர் பாதிதான் நின்றது. அதற்குப் பக்கத்தில் நின்றுதான், உமது அப்பா மூக்கன் ஐயா அந்த வெள்ளத்தில் ஆடுகளை அவிழ்க்கப் போன இடத்தைக் கையால் காட்டினார். ஏழு ஆட்டை அவிழ்த்துவிட்டாராம். எட்டாவதுக்குப் போனபோதுதானாம்.

செத்தவீட்டில் நீர் பார்க்கச் சொன்னதை இன்றைக்குத்தான் பார்த்தேன்.

உமது வீட்டைத் தூரத்தில் நின்று திலீபன் காட்டினார். கொடியில் நீலச் சேலை ஒன்று காய்ந்தது. நான் வரவில்லை. வரலாமா என்று கேட்கவும் எனக்கு வாய் இல்லை.

பஸ்ஸுக்கு ஆட்களை ஏற்றுகிறார்கள்.

கலிஸ்ரா

*

வீரைமோட்டை,
17.11.2024

அன்புள்ள கலிஸ்ரா அக்கா,

உங்கள் கடிதத்துக்கு இரண்டு மாதமாகப் பதில் போடவில்லை. கோபத்தில் இல்லை. எட்டாவது ஆட்டின் கதையை ஒருவரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. திலீபன் அண்ணை அதை உங்களுக்குச் சொல்லியிருக்கிறார். அந்த வரியை வாசித்தபிறகு பேனை எடுக்க இவ்வளவு காலம் சென்றது.

நடந்ததை வரிசையாகச் சொல்லுகிறேன். நாலு பேரும் புள்ளியைத் திரும்பப் போட்டார்கள். விரிதிசைக்கு அறுபத்தொன்று. விலை உறை திறக்கப்படாமல் திரும்பிப் போனது. அடுத்த நாளே அவர்களின் முறைப்பாடும் வந்துவிட்டது. உறுப்பினர் ஒருவர் தொடர்பு வைத்ததால் முழுத் தெரிவும் களங்கம் என்று. அது சரியான முறைப்பாடுதான், அக்கா. சபை எல்லாவற்றையும் இரத்துச் செய்தது. ஒழுங்காக வந்த மற்ற மூன்று நிறுவனங்களின் உழைப்பும் என்னால் வீணானது. அதில் ஒன்று உண்மையிலேயே நல்லது. அதன் தலைவர் முன்மொழிவு எழுத முதலே இங்கே வந்து மூன்று நாள் சைக்கிளில் சுற்றிப் பார்த்தவர். திரும்பவும் போட்டியிடுவாரோ தெரியாது.

எனக்கு ஒரு வருடச் சம்பள உயர்வு இல்லை. இடமாற்றம், பூவரசங்குளம் பக்கம். போக வர நாலு பஸ். வேலை இருக்கிறது, அதுவே போதும். உங்களுக்குக் கொழும்பில் இருந்த படிப்பிக்கிற வேலை போய்விட்டது, திட்டமிடலாளர் சங்கத்தில் விசாரணையும் நடக்கிறது என்று மதுசன் சொன்னார். இப்போது அவர் என்னோடு நன்றாகக் கதைக்கிறார். ‘தற்காலிகம்’ என்ற சொல்லை மட்டும் என் முன்னால் பாவிப்பதில்லை.

தேர்தல் முடிந்த கையோடு சபை புதிய கேள்வி கோரல் வெளியிட்டிருக்கிறது. நிபந்தனைகளில் மூன்று புதிது. கதிர்காமநாதன் ஐயா தன் கைப்பட எழுதினாராம். குழுத்தலைவர் நேரில் வந்து நேர்முகத்துக்கு இருக்க வேண்டும். வரைபடம் தர முன் ஒவ்வொரு குடியிருப்பையும் நடந்து பார்த்திருக்க வேண்டும், கிராமச் சங்கத்தின் கையெழுத்தோடு. மூன்றாவது: யாரையாவது ஓரிடத்திலிருந்து எழுப்புவதாக இருந்தால், அவர்கள் போய் இருக்கப்போகும் இடத்தை அதே வரைபடத்தில் காட்ட வேண்டும்.

வீதியோரக் காணி எங்களுக்குக் கிடைத்துவிடும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. கேட்கலாம் என்றுதான் அர்த்தம். அதற்கு எங்கள் சங்கம் ஒரு வரைபடம் செய்து, வருகிற நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் ஒரேமாதிரிக் கொடுக்கப் போகிறது. எத்தனை வீடு, தண்ணீர் எது வரை ஏறுகிறது, எத்தனை நாள் நிற்கிறது, முன்பு வீதியோரத்தில் யாருடைய வளவு எங்கே இருந்தது என்று. நான் இப்போது குழுவில் இல்லை. நீங்கள் ஒரு நிறுவனத்திலும் இல்லை. செயலாளரிடமே கேட்டுவிட்டேன். தடை ஒன்றும் இல்லையாம்.

சங்கக் கூட்டத்தில் வரைபடம் கீற யாரைக் கூப்பிடுவது என்று கதை வந்தது. திலீபன் அண்ணைதான் உங்கள் பெயரைச் சொன்னார். சத்தம் போட்டவர்களும் இருந்தார்கள். எழும்பிப் போனவர்களும் இருந்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. கையைத் தூக்கச் சொன்னபோது தூக்கினேன்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதமாட்டேன். அப்படி ஒரு வரி எழுதிப் பார்த்தேன், பொய்யாக இருந்தது. உங்களைவிட நன்றாக வரைபடம் கீறுகிற ஆளை எனக்குத் தெரியாது என்பது உண்மை. அதை எழுதலாம்.

மழை பிடித்துவிட்டது. குளத்தில் தண்ணீர் ஏறுகிறது. நேற்று நாணலுக்குள் வந்தது, நாளைக்குக் கிணற்றடிக்கு வரும். வடிந்தபிறகு வந்தால் நீங்கள் பார்த்த அதே வெடித்த மண்தான் இருக்கும். தண்ணீர் நிற்கும்போதே வாருங்கள். முழங்கால்வரை இறங்கித்தான் நடக்க வேண்டும், சேலை சரிவராது.

அம்மாவிடம் சொன்னேன். உங்களோடு கதைக்கமாட்டாவாம். ஆனால் சமைப்பாவாம். எத்தனை நாளைக்கு என்று கேட்கிறா. உடனே பதில் போடுங்கோ.

ராஜினி